ஹாரன் நடந்து பார்த்த வழி

அந்தத் தெருவில் போய் அவருடைய ஞானஸ்நானப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ஹாரன் என்று கேளுங்கள், வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுவார்கள். ஆயுசு முழுக்க பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன். பக்கத்தில் நிற்கிறவரிடம் ரகசியம் பேசினாலும் எதிர்வீட்டில் கேட்கும். கோயிலில் எல்லோரும் ஒன்றாக ஜெபம் சொல்லும்போது இவர் குரல் மட்டும் அரைச்சொல் முன்னால் ஓடும். நல்லவர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்வதற்கு மட்டும் அந்த வாய் பழகவே இல்லை. ரோடு சம்பந்தப்பட்ட விஷயமென்றால் கேட்கவே வேண்டாம்.

அவர் வீட்டில் அவருடைய அக்காவும் இருந்தார். லேத் பட்டறை வைத்திருந்த அத்தான் அந்த வருஷம்தான் காலமானார். அடக்கத்தன்று அக்கா மயங்கி விழுந்து, கல்லறைக்கே போகவில்லை. அது அவர் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

ஆற்றுக்கு அக்கரையில் ஒரு மாதா கோயில். வருஷத்தில் ஒரு நாள், நடந்து வருகிற யாத்ரீகர்களுக்கென்றே அங்கே மதியப் பூசை நடக்கும். அந்த வருஷம் இறந்தவர்களில் முன்னமே எழுதிக் கொடுத்த பெயர்களைச் சாமியார் ஒவ்வொன்றாக வாசிப்பார். யாருக்காக நடந்து வந்தோமோ அவர் பெயர் வரும்போது நாம் எழுந்து நிற்க வேண்டும். கோயிலே ஒரு நிமிஷம் நமக்காக மௌனமாக இருக்கும். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அக்காவுக்கு வேறு நினைப்பே இல்லை.

“கல்லறையில நிக்க முடியாமப் போச்சுடா தம்பி. அங்கயாவது அவருக்காக ஒரு தடவை எழுந்து நின்னுடறேன்.”

அவர்கள் பங்குக் கோயிலிலிருந்து ஒரு கூட்டமாக நடந்து போவதென்று முடிவாயிற்று. ஒரு ஞாயிறு பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் கூடிப் பேசினார்கள். பங்குச்சாமியார் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “வயசானவங்க வர்றாங்க. யாராவது ஒருத்தர் முன்னாடியே வழி முழுக்க நடந்து பார்த்துட்டு வரணும்.”

பாடகர் குழுவை நடத்துகிற பாட்டு வாத்தியார் கையைத் தூக்கினார். தூக்கின கை தூக்கினபடி நிற்க, நம்மாள் எழுந்துவிட்டார்.

“வாத்தியாரே, நீங்க ராகம் பாருங்க, ரோட்டை நான் பார்த்துக்கறேன். அந்த ரோட்டுல எந்தக் குழி எங்க இருக்குன்னு கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன்.”

“ஓட்டிப் பார்த்திருக்கீங்க. நடந்து பார்க்கணும்,” என்றார் சாமியார், சிரித்துக்கொண்டே.

“நடந்துட்டா போச்சு!”

நடக்கத்தான் கிளம்பினார், பொய் சொல்லக் கூடாது. பெட்ரோல் பங்க் வரைக்கும் ஜோராக நடந்தார். புது ஷூ. குதிகாலில் கொப்புளம் வந்துவிட்டது. வெயில் மண்டையைப் பிளந்தது. நொண்டிக்கொண்டே நடக்கிறபோது பின்னால் ஒரு பஸ். ஓட்டி வந்தவர் இவரிடம் தொழில் கற்றவர்.

“என்ன அண்ணே, நடந்து போறீங்க? ஏறுங்க!”

ஏறிவிட்டார். ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ‘இங்கே மர நிழல் இருக்கு, இங்கே தண்ணிக்குழாய் இருக்கு, இங்கே ஒரு பள்ளிக்கூடம், உட்காரலாம்’ என்று மனசில் குறித்துக்கொண்டே அக்கரை போய்ச் சேர்ந்தார். ஆற்றுப் பாலத்தை எத்தனை ஆயிரம் தடவை கடந்திருப்பார்! ஆனால் அதன் ஓரத்தில் மனுஷன் கால் வைக்க இடம் இருக்கிறதா இல்லையா என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பஸ் ஓட்டுகிறவருக்கு அது எதற்கு?

அடுத்த கூட்டத்தில் சாமியார் கேட்டார்: “முழுக்க நடந்து பார்த்தாச்சா?”

‘பாதியில பஸ் ஏறிட்டேன் சாமி’ என்று சொல்லியிருந்தால் என்ன, தலையா போயிருக்கும்? நாலு பேர் சிரித்திருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் பாட்டு வாத்தியார் எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு அடி விடாம,” என்றார் ஹாரன்.

மண்டபமே கை தட்டியது. அடுத்த ஞாயிறு சாமியார் பீடத்திலிருந்தே நன்றி சொன்னார். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. கொப்புளத்துக்குத் தானே மருந்து போட்டுவிட்டு, வீட்டுக்கு வருகிற போகிறவர்களுக்கெல்லாம் அந்தக் குதிகாலைக் காட்டினார். “பாருங்க, எங்களுக்காக இவன் பட்ட பாட்டை!” ஹாரன் காலை இழுத்துக்கொண்டார். சாப்பாடு இறங்கவில்லை. தெருவில் யாராவது கும்பிட்டால் பார்க்காததுபோலப் போனார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சொல்லவில்லை. சொல்லச் சொல்ல அடங்காத அந்த வாய், சொல்ல வேண்டியதை மட்டும் மென்று முழுங்கியது.

யாத்திரை நாள் வந்தது. இருட்டு பிரிவதற்கு முன்பே கிளம்பினார்கள். ஜெபமாலை, பாட்டு, வேடிக்கைப் பேச்சு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மர நிழல் இருந்தது, தண்ணிக்குழாய் இருந்தது. “ஹாரன் சொன்னா சொன்னதுதான்யா!” என்று வாத்தியாரே வாய்விட்டுச் சொன்னார். ஹாரனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பாலம் வரைக்கும் வந்தது அந்த மூச்சு.

பாலத்தின் முனையில் ஒரு காவலாளி கையை நீட்டி மறித்தார். “நடந்து போக முடியாதுங்க. வண்டிக்கு மட்டும்தான்.”

“எப்பலேருந்து?” என்று வாத்தியார் கேட்டார்.

“பாலம் கட்டின நாள்லேருந்து.”

எல்லோர் கண்ணும் ஹாரன் பக்கம் திரும்பியது.

“அதெப்படி? போன மாசம் நான் இதே பாலத்துல நடந்து போனேனே!” என்றார், வாய் கூசாமல்.

காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். “நீங்களா? இதுலயா?”

கூட்டம் பொங்கிவிட்டது. யாத்திரைக்காரர்களைக் கண்டால் இளக்காரமா என்று வாத்தியார் எகிறினார். யாரிடமும் அதிர்ந்து பேசாத அக்கா முன்னால் வந்து, “என் தம்பி பொய் சொல்றவன் இல்ல. கால் கொப்பளிச்சுப் போற அளவுக்கு நடந்து பார்த்தவன்!” என்று காவலாளி முகத்துக்கு நேரே கையை நீட்டினார். அந்த மனுஷன் கோபப்படவில்லை. அதுதான் ஹாரனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“அம்மா, பழைய பாலம் வழியா சுத்திப் போகலாம். ஆனா ரொம்ப தூரம். பூசைக்குப் போகணும்னா இதோ பஸ் நிக்குது, ஏறிடுங்க,” என்றார் காவலாளி.

அக்கா தம்பியைப் பார்த்தார். “என்னடா சொல்றே? எனக்கு நேரத்துக்குப் போனாப் போதும். நடந்தா போயிடலாமா?”

பழைய பாலம் எங்கே இருக்கிறதென்றே ஹாரனுக்குச் சரியாகத் தெரியாது. அந்தப் பக்கம் பஸ் போனதே கிடையாது. ஆனால் காவலாளி தூரம் என்று சொன்னது நிஜமென்றால், பாலம் கட்டின நாளிலிருந்து நடக்க முடியாது என்று சொன்னதும் நிஜமாகிவிடுமே! ஒரு பொய்க்கு முட்டுக் கொடுக்க இன்னொன்று வேண்டியிருந்தது.

“இந்த ஆள் பேச்சையெல்லாம் நம்பாதக்கா. பக்கத்துலதான். பூசைக்கு முன்னாடியே போயிடலாம்.”

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் ஆளாக நடந்தார்.

போனார்கள், போனார்கள், போய்க்கொண்டே இருந்தார்கள். பாட்டு நின்றது. பிறகு ஜெபமும் நின்றது. “இந்தத் திருப்பம்தானே?” என்று யாராவது கேட்டால், “அடுத்தது” என்றார் ஹாரன். அடுத்ததும் இல்லை. அக்கா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. செருப்பு வார் அறுந்ததும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். பின்னால் வந்த ஹாரன் அந்த வெறுங்காலைப் பார்க்க முடியாமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஜனங்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். பூசை முடிந்துவிட்டது. அக்கா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். மெழுகுவர்த்தி அணைத்துக்கொண்டிருந்த, பீட வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளையிடம் வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி, “வாசிச்சாச்சா?” என்று கேட்டார்.

“வாசிச்சாச்சும்மா, எல்லாப் பேரும்.”

“யாராவது எழுந்து நின்னாங்களா?”

கோயில்பிள்ளை யோசித்தார். “அந்தப் பேருக்கு... யாரும் நிக்கலைம்மா.”

அக்கா அழவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து குழாயடியில் உட்கார்ந்தார்.

சாயங்காலம் நற்கருணை ஆசீர் வழிபாடு. அதற்கு முன்பு யாத்ரீகர்களுக்குப் பாவசங்கீர்த்தனம், கூண்டுக்குள் இருக்கிற சாமியாரிடம் செய்த பாவத்தைச் சொல்வது. ஹாரன் வரிசையில் நின்றார். அவர் குரல் வெளியே கேட்காமல் பேசினது வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான். உள்ளேயிருந்த அக்கரைச் சாமியார் நிதானமாகக் கேட்டார். பாவமன்னிப்புக் கொடுத்தார். கடைசியில், “உங்க அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

மன்னிப்புக் கிடைத்த தெம்பில் வெளியே வந்தார். மனசு லேசாகத்தான் இருந்தது. கடவுளே மன்னித்தாயிற்று, அக்கா மன்னிக்க மாட்டாரா? நாலு திட்டு திட்டட்டும், வாங்கிக்கொள்ளலாம். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு குழாயடிக்குப் போய், அக்காவின் காலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“அக்கா, நான் நடந்து பார்க்கல. பெட்ரோல் பங்க்கோட சரி. மிச்சம் பஸ்ல போனேன். பாலத்துல நடக்க முடியாதுன்னு எனக்குத் தெரியவே தெரியாது.”

அக்கா பாதத்துக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்தினார். திட்டவில்லை.

“நடக்காதது போகட்டும்டா. தெரியாததும் போகட்டும். பாலத்துகிட்ட நான் உன்னைக் கேட்டேன்ல? அப்ப சொல்லியிருக்கலாமே. பஸ் நின்னுக்கிட்டு இருந்துச்சேடா.”

ஹாரன் பக்கத்தில் கிடந்த அறுந்த செருப்பை எடுத்து வாரைப் பார்த்தார்.

“ஏறியிருப்பேன். அவர் பேரைச் சொன்னப்ப நின்னிருப்பேன்,” என்றார் அக்கா.

ஆசீருக்கு மணி அடித்தது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வெறுங்காலோடு நொண்டி நொண்டி உள்ளே போனார். கைத்தாங்கலாகப் பிடிக்க ஹாரனும் எழுந்தார். ஆனால் எந்த முகத்தோடு போய்ப் பிடிப்பது?