குவைத்திலிருந்து விழுந்த முதல் புள்ளி

போன வருடம் ஐப்பசி மாதம், திருச்சுழிக்கும் வீரசோழனுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் நடந்தது இது. எதையும் வரிசை போட்டுச் சொல்வதுதான் எனக்குப் பழக்கம். அதனால் நடந்ததை முதலில் அப்படியே எழுதிவிடுகிறேன்.

1. தலைப்பிரசவத்துக்காக அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள்.
2. அவள் வந்த சில நாட்களில் எதிர்வீட்டுப் பள்ளிக்கூடப் பெண்ணை டெங்கு என்று அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.
3. கொசுப்புழு இருக்கும் இடத்தை ஊர்க்காரர்களே போனில் படம் எடுத்துப் பதிவு செய்ய நான் ஓர் இணையப் பக்கம் செய்தேன்.
4. ஒருவர்கூடப் பதிவு செய்யவில்லை.
5. அதுவரை நாங்கள் ஒரு வார்த்தை பேசியிராத ஒருவர், குவைத்திலிருந்து, தன் வீட்டுப் பூட்டை உடைக்கச் சொன்னார்.

ஐந்தாவதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கர்ப்பிணிக்கு டெங்கு வந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இந்தக் கொசு பகலில் கடிப்பது. அதனால் பட்டப்பகலிலேயே அக்காவைக் கொசுவலைக்குள் உட்கார வைத்தோம். "என்னயப் பாக்க வர்றவுககிட்ட டிக்கெட்டு வாங்கு. வண்டலூர் ஜூவுல இருக்கிற மாதிரியே இருக்கு" என்று அவள் சிரித்தாள். அவளைப் பார்க்க வந்த அத்தானுக்குச் சிரிப்பு வரவில்லை.

"மதுரைக்கே கூட்டிட்டுப் போயிர்றேன் அத்தை. இங்க விட்டுட்டு எனக்கு அங்க வேலை ஓடல."

அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். தலைப்பிள்ளை தாய் வீட்டில் பிறக்க வேண்டும் என்பது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அத்தானும் தெரிந்துதான், "சரி, ஒரு வாரம் பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு வாரத்துக்குள் கொசு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்தக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டை இடும். அதிக தூரம் பறக்காது. எங்கள் வீட்டு டிரம், தொட்டி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவியாகிவிட்டது. ஆனால் தெருவில் எத்தனை வீடு, எத்தனை டிரம்! கணினி படித்தவள், வீட்டிலிருந்தபடி சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவள் என்பதால் எனக்குத் தோன்றிய வழி அந்த இணையப் பக்கம். புழுவைப் படம் எடுத்து அனுப்பினால் ஊர் வரைபடத்தில் அந்த வீட்டின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி விழும். சுகாதாரத் துறையின் கொசு ஒழிப்புப் பணியாளர்களும் அதைப் பார்த்துக்கொள்ளலாம். இணைப்பை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கட்டைவிரல் படங்களாக வந்து குவிந்தன. புள்ளி ஒன்றுகூட விழவில்லை.

பக்கத்து வீட்டுச் சித்தியிடம் ஏன் என்று கேட்டேன்.

"ஏத்தா, குழாயில தண்ணி வாரது வாரத்துக்கு ஒருக்கா. புள்ளி வச்சா ஆள் வந்து டிரம்மைக் கவுத்திருவாக. அடுத்தவ டிரம்மைப் போட்டுக் குடுத்துட்டு நாளைக்கு அவ மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

"உங்க வீட்டு டிரம்மைப் போடுங்க சித்தி."

"நான் என்ன கிறுக்கியா?"

நியாயமாகத்தான் பட்டது. போர் போட்டால் உப்புத் தண்ணீர் வருகிற பூமி இது. தேக்கி வைத்த தண்ணீரைக் கொட்டச் சொல்வது, சமைத்த சோற்றைக் கொட்டச் சொல்வது மாதிரி.

இரண்டு நாள் கழித்துக் காலையில் பார்த்தால் முதல் புள்ளி விழுந்திருந்தது, எங்கள் வீட்டுக்கு அடுத்து இருக்கும் பூட்டிய வீட்டின் மேல். வீரசோழன்காரர் ஒருவர் எங்கள் தெருவில் இடம் வாங்கிக் கட்டிய வீடு அது. குடும்பத்தோடு குவைத்தில் இருக்கிறார். படம் இல்லை. குறிப்பு மட்டும் இருந்தது: "என் வீடுதான். ஊர்லேருந்து கிளம்பும்போது முற்றத்துத் தொட்டிய நிரப்பிட்டு வந்தோம். மூடி உடைஞ்சு கிடந்துச்சு. உள்ள போய்ப் பாருங்க." கீழே போன் நம்பர்.

எங்கள் பக்கத்தில் வெளிநாடு போகிற குடும்பங்களுக்கு அது ஒரு வழக்கம். திரும்பி வந்து இறங்கும்போது கை கால் கழுவத் தண்ணீர் வேண்டுமே என்று, தொட்டியை ரொப்பிவிட்டுத்தான் பூட்டுவார்கள். உயர்ந்த மதில், முற்றத்துக்கு மேலே இரும்புக் கம்பி. உள்ளே இருப்பதை வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாது. அவர் சொல்லியிராவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது.

போன் செய்தேன். சாவி சென்னையில் மச்சானிடம் இருக்கிறது, அவர் வர நாளாகும் என்றார்.

"அதுக்கெல்லாம் காத்திருக்க வேணாம் தங்கச்சி. பூட்டை உடைச்சிருங்க. உங்க வீட்ல மாசமா ஒரு பிள்ள இருக்குன்னு குரூப்புல பாத்தேன்."

அடுத்தவர் வீட்டுப் பூட்டில் கை வைக்க எங்கள் தெருவில் யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் வெல்டிங் பட்டறை அண்ணன் வந்தார். வீடியோ காலில் அவரைக் காட்டினேன்.

"பாய், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நாளைக்குப் பீரோவைக் காணோம்னா என்னயத்தான் கேப்பீக."

"பீரோவே வாங்கலண்ணே. வீடு கட்டுனதோட சரி. அடிங்க."

தெருவே சிரித்தது. பூட்டு தெறித்தது.

தொட்டியில் டார்ச் அடித்ததும் யாரும் சிரிக்கவில்லை. தண்ணீர் முழுக்கப் புழு நெளிந்தது. நான் போனைத் தொட்டிக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன்.

"எதிர்வீட்டுப் பிள்ள இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

தேறிவிட்டாள், தீவிர சிகிச்சையிலிருந்து வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்றேன். "அல்லாஹ் காப்பாத்துனான்" என்றவர், தொட்டியைக் காலி பண்ணச் சொன்னார். ஆனால் வாளியைச் சாய்க்க யாருக்கும் கை வரவில்லை. சித்திதான் பழைய வேட்டியை நாலாக மடித்து வடிகட்டி, முதல் குடத்தை எடுத்தாள். புழுவைக் காய்ந்த மண்ணில் உதறினோம். தண்ணீர் துணி துவைக்கவும், தெருவிலுள்ள வேப்பங்கன்றுகளுக்கும் போனது. தொட்டியின் சுவரில் ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்தாலும் சாகாது என்பதால், தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்த்தோம்.

"பாய், நீங்க வாரப்ப நாங்க ரொப்பி வச்சிருவோம், கவலைப்படாதீக" என்று சித்தி போனைப் பார்த்துக் கத்தினாள். அன்று சாயங்காலம் வரைபடத்தில் இன்னொரு புள்ளி விழுந்தது. சித்தியின் வீடு. அவளே போட்டது.

அன்றைக்கே பக்கத்தை மாற்றி எழுதினேன். இனி யாரும் அடுத்த வீட்டைப் பதிவு செய்ய முடியாது, தன் வீட்டை மட்டும்தான். தண்ணீரைக் கொட்டாமல் வடிகட்டும் முறையையும் சேர்த்தேன். அதன் பிறகு புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்தன. பணியாளர்களும் டிரம்மைக் கவிழ்ப்பதற்குப் பதிலாக வேட்டி கேட்டார்கள். அத்தான் கொடுத்த ஒரு வாரம் முடிந்தபோது தெருவில் புதிதாக யாருக்கும் காய்ச்சல் இல்லை. அவர் வந்தார், அக்காவைப் பார்த்தார், சாப்பிட்டார், மதுரைப் பேச்சை எடுக்காமல் பஸ் ஏறினார். அம்மா அன்று பாயசம் வைத்திருந்தாள்.

இப்போதைய நிலைமை இது. அக்காவின் மகள் எங்கள் வீட்டில்தான் பிறந்தாள், தவழ ஆரம்பித்துவிட்டாள். எதிர்வீட்டுப் பெண் பள்ளிக்கூடம் போகிறாள். பூட்டிய வீட்டுக்குப் புதுப் பூட்டு போட்டோம். அதன் சாவி, அவரே சொல்லி, எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. தன் வீட்டின் மேல் தானே முதல் புள்ளி வைத்த அந்த மனிதரை நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை. அடுத்த வாரம் விடுமுறைக்கு வருகிறார். நேற்று வீட்டுக்கு ஒரு குடமாகத் தெருவே ஊற்றி அவர் தொட்டியை நிரப்பியாகிவிட்டது. புது மூடியும் போட்டிருக்கிறோம்.