ஈரம் குடிக்கும் அச்சு

அம்மா வீட்டுப் பரணில் ஒரு வாத்துப் பொம்மையின் பாதி அச்சு கிடந்தது. பிளாஸ்டர் அச்சு, உள்ளங்கை அகலம், பழைய பல் போலப் பழுப்பேறியது. சித்தியின் நினைவாக வைத்திருந்தாள். எனக்கோ அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

சித்தி, அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்தில் ஒரு சின்ன பொம்மைக் கம்பெனியில் அச்சு ஊற்றும் வேலை. களிமண் கூழை ஊற்றினால் அச்சு அதன் நீரை உறிஞ்சிக்கொள்ளும். பொம்மை இறுகித் தானாக விட்டு வரும். நாள் முழுக்க அந்த ஈரத்தில் கிடந்த கைகளில் அவளுடைய சின்ன வயதுத் தோல்நோயான கரப்பான் மறுபடி கிளம்பியது. விரலிடுக்கு வெடித்து நீர் வடிந்தது. மேஸ்திரி கண்ணில் பட்டால் வேலை போய்விடும் என்று கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருப்பாள்.

அந்த வேலை செய்கிறவளுக்குத்தான் அப்படி ஒரு யோசனை வரும். களிமண்ணின் நீரையே குடிக்கிற அச்சு, புண்ணின் நீரைக் குடிக்காதா? ஓரம் உடைந்த அந்த வாத்து அச்சைக் கொண்டுவந்து, மாலையில் புண்ணை அதில் அழுத்திக்கொண்டு உட்காருவாள். “ஜில்லுன்னு இருக்குதுடி. அப்டியே இழுத்துக்குது பாரு” என்பாள். நிஜமாகவே காய்ந்தது. “நம்ம வூட்டுலயே டாக்டரு இருக்குது” என்று அம்மா கேலி செய்வாள். எல்லோரும் சிரிப்போம்.

தினமும் அதே அச்சுதான். கழுவவும் விடமாட்டாள், கழுவினால் அச்சு தண்ணீரைக் குடித்துவிடுமாம், அப்புறம் புண்ணின் நீரை இழுக்காதாம். தேன் நிறத்தில் பொருக்கு கட்டியதைப் பார்த்து, ஆறுகிறது என்றாள். பொருக்கின் ஓரத்தில் சீழ் எட்டிப் பார்த்தது. சிவப்பு முழங்கை வரை ஏறியது. காய்ச்சலில் உடம்பு தூக்கிப்போட்ட அன்றுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

“கரப்பான் கிருமியால வர்றதில்லம்மா” என்றார் டாக்டரம்மா. “ஆனா வெடிச்ச தோல்ல கிருமி குடியேறிடும். அது விடுற நஞ்சுல அரிப்பு கூடும். சொறிஞ்சா தோல் இன்னும் வெடிக்கும், கிருமிக்குக் கொண்டாட்டம். அந்த அச்சுல தங்கின கிருமிய தினமும் திரும்ப ஏத்திக்கிட்டு இருந்திருக்காங்க. இப்ப ரத்தத்துல கலந்துடுச்சு.” சித்தி அரைமயக்கத்தில், “மேஸ்திரிகிட்ட ரெண்டு நாள்ல வந்துடுவேன்னு சொல்லுங்க” என்று முனகினாள். அவள் வீட்டுக்கே திரும்பவில்லை.

அச்சைத் தூக்கிப்போட அம்மா சம்மதிக்கவில்லை. “அவ கை பட்டதுடி” என்று அழுவாள். “கை பட்டதுதானேம்மா வினையே” என்று நானும் கத்தியிருக்கிறேன்.

போன வாரம் மகளோடு அங்கே போயிருந்தேன். அவளுக்கும் முழங்கை மடிப்பில் கரப்பான். மருந்தை நிறுத்தினால் வடியும். அம்மா பரணைச் சுத்தம் செய்து சாமான்களைக் கூடத்தில் பரப்பியிருந்தாள். நடுவில் மகள் கையை மடக்கி, எதையோ இடுக்கிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

“ஜில்லுன்னு இருக்குதும்மா.”

பிடுங்கித் தரையில் அடித்தேன். அச்சு தூள்தூளானது. அவள் பயந்துபோய் அழுதுகொண்டே கையை நீட்டிக் காட்டினாள். காலையில் வடிந்துகொண்டிருந்த இடம் நன்றாகக் காய்ந்திருந்தது.