சாமி வரவில்லை, நான்தான் அழுதேன்

இதைப் படிக்கிற அக்கா தங்கைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் அம்மன் கெங்கம்மா எனக்குச் செய்த உதவியைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் கோபத்தோடுதான் எழுதுகிறேன். சாந்தமாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

என் பெயர் செல்வி. ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சத்தியவேடு பக்கம் ஒரு கிராமம். போன வருஷம் தை மாதக் கடைசியில், என் வீட்டுக்காரர் முனிரத்னம் காலையில் கழனிக்கு மோட்டார் போடப் போனார். எங்கள் வீட்டுத் தொட்டிக்கும் அந்த மோட்டாரிலிருந்துதான் தண்ணீர் வரும். சுவிட்சுப் பெட்டியில் பனி ஈரம் இருந்திருக்கிறது. கை வைத்தவர் கிணற்று மேட்டிலேயே விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்குள் உயிர் இல்லை.

உடம்பை வீட்டுக்குக் கொண்டுவரும் முன்பே புத்திமதி வந்துவிட்டது. அவருடைய அண்ணன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், எதிரில் நின்று சொன்னார்: "நீ அழுதுக்கினு குந்தினா பொண்ணு கதி இன்னாவறது? இனிமே இந்த வூட்டுக்கு ஆம்பள நீதான். தைரியமா இரு."

அழுகையை அடக்கிக்கொண்டேன். அப்படியே காரியம் வரை இருந்தேன். பிறகு ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். களை பிடுங்கிய கைக்கு, கண்ணுக்கே தெரியாத செல்போன் பாகங்களைப் பொருத்துகிற வேலை. சூப்பர்வைசர் தெலுங்கில் திட்டினால் தலையாட்டுவேன். ஊரெல்லாம் மெச்சியது. "செல்வி எப்படி கல்லு மாதிரி நிக்கிறா பாரு!" இப்போது நினைத்தாலும் உடம்பு எரிகிறது. மெச்சியவர்களில் ஒருத்தராவது, நீ தூங்கினாயா என்று கேட்டதுண்டா?

என் ஒரே பெண் பவித்ரா. இன்டர் இரண்டாம் வருஷம், அதாவது பிளஸ் டூ, படித்துக்கொண்டிருந்தாள். அவள் சாப்பாட்டை விட்டாள். கேட்டால் "துன்னுட்டேன்மா" என்பாள். சட்டியில் சோறு அப்படியே இருக்கும். பேச்சும் குறைந்தது. பரீட்சைக்கும் போகவில்லை. சித்திரையில் ஒரு நாள் மயங்கி விழுந்தாள். திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குளுகோஸ் ஏற்றினார்கள், எல்லா டெஸ்டும் எடுத்தார்கள். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உடம்பில் வியாதி இல்லை, மனசுக்குப் பார்க்கிற டாக்டரிடம் காட்டுங்கள் என்றார்.

மாமா வராந்தாவிலேயே சத்தம் போட்டார். "பைத்தியம்னு பேரு வெச்சிட்டா நாளைக்கி எவன் கட்டுவான்? வூட்டுக்குக் கூட்டிக்கினு வா." கூட்டிக்கொண்டு வந்தோம். பெண்ணின் உயிரை விடக் கல்யாணப் பேச்சு பெரிதாக இருந்தது அவர்களுக்கு.

தினமும் கம்பெனி பஸ் ஏறும் முன் கெங்கம்மா கோயில் வாசலில் நிற்பேன். "தாயே, எனக்குப் பலம் கொடு." இதுதான் என் வேண்டுதல். பவித்ரா இன்னும் இளைத்தாள். என் வேண்டுதல் சண்டையாக மாறியது. "வருஷா வருஷம் உனக்குக் கூழ் ஊத்தினேனே, இன்னா கொற வெச்சேன்? அவர எடுத்துக்கினே. இவளயும் எடுக்கப் போறியா? நீ தாயா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பேன்.

ஆடி மாதம் கெங்கம்மாவுக்கு ஜாத்திரை, அதாவது திருவிழா, வந்தது. கூழ்ப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு போனேன். பவித்ராவும் வந்து தூணில் சாய்ந்து நின்றாள். தாவணி அவள் தோளில் நிற்காமல் நழுவியது. அவள் கழுத்தெலும்பைப் பார்த்தேன். பானையை இறக்கக் குனிந்தவளால் எழ முடியவில்லை. அப்படியே முழங்காலில் விழுந்தேன். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என் சத்தம் என்றே எனக்கு முதலில் தெரியவில்லை.

உடனே பம்பை மேளத்தை வேகமாக அடித்தார்கள். பெண்கள் குலவை இட்டார்கள். ஒருத்தி வேப்பிலையை என் கையில் திணித்தாள். எனக்குச் சாமி வந்துவிட்டதாம்! மாமாவே கைகூப்பி முன்னால் வந்தார். "யாரு தாயே வந்திருக்கே? இன்னா கொற? சொல்லு தாயே."

ஆறு மாதமாக என்னிடம் கேட்காத கேள்வி. சாமி என்றால் கேட்கிறார்கள். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் என் காலில் விழுந்திருப்பார்கள். எனக்கு வந்த கோபத்தில் வேப்பிலையைத் தூக்கி எறிந்தேன்.

"சாமியும் வரல, பேயும் வரல! நான் செல்வி. நான்தான் அழறேன். என் புருஷன் செத்துட்டாரு. எனக்கு பயமா இருக்குது. என்னால முடியல. யாராவது என் கூட இருங்க!"

பம்பை நின்றது. "எழுந்திரும்மா, ஊரே பாக்குது" என்றார் மாமா.

"பாக்கட்டும்" என்றேன்.

அப்போது பவித்ரா ஓடிவந்து என் மேல் விழுந்தாள். "அம்மா, நான்தான்மா. குளிக்கத் தண்ணி இல்ல, மோட்டார் போட்டுக்கினு வான்னு நைனாகிட்ட நான்தான் சொன்னேன். அது உனுக்குத் தெரிஞ்சுதான் நீ அழாம இருக்கேன்னு நெனச்சேன். என்மேல கோவம்னு நெனச்சேன்."

இத்தனை மாதம் என் குழந்தை விழுங்கிக்கொண்டிருந்தது இதைத்தான். நான் கல்லாக நின்றேன், அவள் அந்தக் கல்லிடம் எப்படிச் சொல்வாள்? அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். "உன் நைனா தெனமும் மோட்டார் போட்டவருடி. அந்தப் பாழாப்போன சுவிட்சு கொன்னுது, நீ இல்ல." திரும்பத் திரும்பச் சொன்னேன். தொண்டை கட்டும் வரை இரண்டு பேரும் அழுதோம். பிறகு அவளாகவே கை நீட்டி ஒரு டம்ளர் கூழ் வாங்கிக் குடித்தாள்.

அடுத்த வாரமே திருப்பதிக்குக் கூட்டிப்போய், மனசுக்குப் பார்க்கிற டாக்டரிடம் காட்டினேன். மாமா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். நிறுத்தட்டும். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் நாகமணி விஷயம் கேள்விப்பட்டு, "நேனு கூடா அந்தே அக்கா" என்றாள். நானும் அப்படித்தான் அக்கா என்று அர்த்தம். அவளும் புருஷனை இழந்தவள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கு ஷிப்ட் இருக்கிற நாட்களில் அவள்தான் பவித்ராவை டாக்டரிடம் அழைத்துப் போனாள். பவித்ரா இப்போது சாப்பிடுகிறாள். விட்ட பரீட்சையை எழுதப் படிக்கிறாள். சில நாள் மறுபடி வாடிப்போவாள். அப்போது மறைக்காமல் சொல்கிறாள். நானும் சொல்கிறேன்.

பலம் கேட்டேன். கெங்கம்மா என்னை ஊர் நடுவில் முழங்காலில் தள்ளினாள். என் பெண்ணை எனக்குத் திருப்பிக் கொடுத்தது நான் அப்படி விழுந்ததுதான். என் வேண்டுதலுக்கு அவள் தந்த பதில் அது என்று முழு மனசாக நம்புகிறேன். என் வீட்டுக்காரரை எடுத்துக்கொண்டதற்காக அவள்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. அதையும் அவளிடமே சொல்கிறேன், கைகூப்பிக்கொண்டே.

உங்கள் வாழ்க்கை தலைகீழாகும்போது தைரியமாக இரு என்று சொல்ல நிறையப் பேர் வருவார்கள். அவர்களை விட்டுவிட்டு அம்மனிடம் போங்கள். நல்ல வார்த்தை தேட வேண்டாம். திட்ட வேண்டுமென்றால் திட்டுங்கள். என்னால் முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவள் கேட்பாள். பக்கத்தில் நிற்கிறவர்களும் கேட்கட்டும்.