புளி போட்டு மினுக்கின சிங்கம்

ஹவுஸ்வார்ட் வேலை, அதுதான் வீடு பராமரிக்கிற வேலை, செய்யிற ஆளைக் குழாய் ஒழுகினாத்தான் மற்ற ஆக்களுக்கு ஞாபகம் வரும். நீங்களும் இந்த வேலையெண்டா நான் சொல்லத் தேவையில்லை. ஆனா நான் பாக்கிறது சும்மா வீடில்லை, கோட்டை! சுவிஸில ஆராவு எண்ட ஊருக்குப் பக்கத்தில, தறி மெசின் செய்து பணக்காரரான ஒரு குடும்பம் நூறு வருசத்துக்கு முதல் பழைய காலத்துக் கோட்டை மாதிரிக் கட்டின வில்லா. எனக்கு மூண்டு மாதம் சோதனைக் காலம். முதலாளியம்மாவுக்குப் பிடிச்சாத்தான் வேலை நிரந்தரம்.

ஆரோட சண்டை?

என்ர மச்சான் பக்கத்து ஊர் ஓல்டனில இருந்து பாக்க வந்தான். நானும் பெருமையாக் கோபுரம், தூக்குப்பாலம், அம்பு விடுற ஓட்டை எல்லாம் காட்டினன். அண்ணாந்து பாத்துப்போட்டுக் கேட்டான்: "நூறு வருசத்துக்கு முதல் இங்க ரெயிலே ஓடினதெல்லே அத்தான்? அப்ப இவை ஆரோட சண்டை பிடிக்க ஓட்டை வைச்சவை, வேலைநிறுத்தம் செய்தவையோடயோ?"

இரும்பு வீரன்

மண்டபத்தில இரும்புக் கவசம் போட்ட வீரன் ஒருத்தன் நிக்கிறான். அவனுக்குப் பின்னால சூடாக்கி, வீடு கட்டேக்கையே பூட்டினது. மார்கழிக் குளிரில அது நிண்டு போக, மெக்கானிக்கைக் கூப்பிட்டன். அவர் வீரனைக் கட்டிப்பிடிச்சு நகர்த்திப்போட்டு மூச்சு வாங்கினார்: "வீரனுக்கும் குளிர் தாங்கேலாது போல!"

சிங்கம்

வாசல் கதவில, தட்டுறதுக்கு வளையத்தைக் கவ்வின பித்தளைச் சிங்கம். கன்னங்கரேலெண்டு கிடந்துது. பித்தளையைக் கறுக்க விடுற ஆக்களோ நாங்கள்? புளி கரைச்சு, உப்புப் போட்டு, ஒரு காலமை முழுக்கத் தேச்சன். சிங்கம் மினுங்கிச்சுது. எனக்கெண்டா சந்தோசத்தில ஒரே புளுகம்.

அண்டைக்கெண்டு பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற அரசாங்கக் கந்தோரில இருந்து சோதிக்க அம்மா ஒருத்தி வந்தா. பாத்தவ தலையில கை வைச்சிட்டா. "நானூறு வருசத்துக் கறுப்பை ஆர் தேச்சது? அதெல்லே பழசுக்குச் சாட்சி!" சத்தம் கேட்டு முதலாளியம்மாவும் வந்திட்டா. அந்தச் சிங்கம் நானூறு வருசத்துக்கு முந்தின ஏதோ அரண்மனையில இருந்து வந்ததெண்டு வாற ஆக்களுக்கெல்லாம் சொல்லுறவ. ஐயோ, வேலை போச்சுது எண்டு நினைச்சன்.

சோதிக்க வந்தவ கண்ணாடியைச் சரிசெய்து, குனிஞ்சு பாத்தா. சிங்கத்தின்ர தாடைக்குக் கீழ, கறுப்புக்குள்ள மறைஞ்சு கிடந்த முத்திரை: முதலாளியம்மாவின்ர பூட்டன் நடத்தின அதே தறி மெசின் ஃபாக்டரியின்ர பேர். சிங்கம் அங்கதான் வார்த்தது. முதலாளியம்மா கிட்ட வந்து முத்திரையைப் பாத்தா. பிறகு அதின்ர மூக்கைத் தடவினா. "எங்கட ஆக்கள் செய்ததோ? இனி இதைக் கறுக்க விடாதேங்கோ."

முதலாளியம்மாவின்ர சிங்கத்தின்ர வயசில முந்நூறு வருசத்தைத் தேச்சுக் குறைச்சு நிரந்தர வேலை எடுத்த ஹவுஸ்வார்ட் சுவிஸிலேயே நான் ஒருத்தன்தான் எண்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு சொல்லுறன்.