ஓதும் பலகையில் கதைப் புத்தகம்

காஜா பெராங் வட்டாரத்தில் ஹனீபாவின் வீட்டுக்கு வாழ வந்த நாள் முதல் ஹலீமா யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. பேசித்தான் என்ன ஆகப்போகிறது? வீடு கணவனுடையது, சொல் கணவனின் அண்ணன் ஷரீஃபுதீனுடையது. தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்து, கடை வைத்துக் கொடுத்தவர். ஐந்து வேளைத் தொழுகை தவறாதவர். நல்ல மனுஷர்தான், ஹலீமாவே ஒப்புக்கொள்வாள். அந்த நல்ல மனுஷர் ஒருநாள் அவள் மகள் மும்தாஜின் கையில் நரிக் கதைப் புத்தகத்தைப் பார்த்துவிட்டார்.

"நரி பேசுமா? உருவப்படம் இருக்கிற வீட்டுக்கு வானத்து மலக்குகள் வரமாட்டாங்க. இனி இந்தக் கண்றாவி எதுவும் வாசப்படி ஏறக்கூடாது."

"காக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அண்ணன் பேச்சுக்குத் தலையாட்டிக்கொண்டே ஹனீபா சோற்றைப் பிசைந்தான்.

வெள்ளைக்காரன் போய் நாட்டுக்கு மெர்டேக்கா கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஊரெல்லாம் சுதந்திரம் என்றே பேச்சு. பத்து வயதுப் பெண்ணுக்கு நரிக் கதை படிக்கச் சுதந்திரம் இல்லை, போங்கள்!

ஹலீமா வயதுக்கு வந்ததும் படிப்பு நிறுத்தப்பட்டவள். அன்று பாதியில் விட்ட கதையின் முடிவு அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. மகளுக்கும் அந்தக் கதி வரக்கூடாதென்று ஒரு வேலை செய்தாள். மும்தாஜின் பள்ளிக்கூடத்துக் கமலவேணி டீச்சரிடம் கதைப் புத்தகம் இரவல் வாங்கி, குர்ஆன் வைத்து ஓதும் மரப்பலகையில் விரித்துக் கொடுத்தாள்.

"தலையில துணி போட்டுக்க. ஆடிக்கிட்டே முணுமுணுன்னு வாசி."

அல்லாஹ் மன்னிப்பான், ஷரீஃபுதீன் மச்சான்தான் மன்னிக்கமாட்டார் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

மூன்று வாரம் ஓடியது. அன்று பிற்பகல் அஸர் தொழுதுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஷரீஃபுதீன், பிள்ளை ஓதுகிறதே என்று பூரித்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். மும்தாஜ் ஒரு பக்கத்தை வலமிருந்து இடமாகப் புரட்டினாள். குர்ஆன் ஓதுகிறவர்கள் இடமிருந்து வலமாக அல்லவா புரட்டுவார்கள்? எல்லாவற்றையும் யோசித்த ஹலீமா, பாவி, இதை யோசிக்கவில்லை.

ஷரீஃபுதீன் எழுந்து வந்து பார்த்தார். கத்தவில்லை. புத்தகத்தை எடுத்து மூடினார்.

"நாளையிலேர்ந்து பள்ளிக்கூடம் வேணாம்."

"நானாத்தான் வச்சேன், பெரியவாப்பா" என்றாள் மும்தாஜ்.

உம்மாவைக் காட்டிக்கொடுக்கவில்லை, பாருங்கள். ஹலீமா முன்னால் வந்தாள்.

"நான்தான் குடுத்தேன் மச்சான். புள்ளை மேல குத்தமில்லை. படிப்பை நிறுத்தாதீங்க."

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"சரி, படிக்கட்டும். ஆனா அவ கொண்டுவர்ற ஒவ்வொரு புஸ்தகத்தையும் நீதான் பார்க்கணும். ஆகாத பக்கத்தை உன் கையாலேயே கிழிக்கணும். அல்லா மேல ஆணையாச் சொல்லு."

சொன்னாள். வேறு வழி?

மறுநாள் பாடப்புத்தகத்திலிருந்த அணில் படத்தைக் கிழித்தாள். மும்தாஜ் பக்கத்தில் நின்று பார்த்தாள், அழவில்லை.

அடுத்த வாரம் மும்தாஜின் பையில் ஒன்றுமில்லை. "டீச்சர் எதுவும் குடுக்கலை உம்மா" என்றாள். சற்று நேரத்தில் ஆளைக் காணவில்லை. ஹலீமா தேடிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். கிணற்றுச் சுவரின் மறைவில் குந்தியிருந்த பிள்ளை, காலடிச் சத்தம் கேட்டதும் எதையோ பாவாடைக்குள் சொருகிக்கொண்டு வெலவெலத்து எழுந்து நின்றது.

வாசிடி என் கண்ணே என்று சொல்ல ஹலீமாவுக்கு வாய் துடித்தது. சொன்னால் ஆணை என்னாவது? எதையும் பார்க்காதவள் மாதிரி வாளியைக் கிணற்றில் இறக்கினாள்.

மும்தாஜ் இப்போது பெரியவாப்பாவுக்குப் பயப்படவில்லை. உம்மாவுக்குத்தான் பயந்தாள்.