வாலில் கட்டிய எலுமிச்சம்பழம்

போன ஆயுத பூஜைக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். ரிமோட்டில் ஓட்டும் விமானம் ஒன்று வைத்திருக்கிறான். ஸ்கூட்டர், மிக்ஸி, தையல் மெஷின் இருந்த வரிசையில் அதையும் கொண்டுவந்து வைத்தான். தங்கை எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு, ஒரு சாமந்திப் பூவை எடுத்து விமானத்தின் வாலில் செருகப் போனாள்.

"வால்ல வேண்டாம்மா" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. நாலு பேர் இருக்கும் இடத்தில் நான் பேசுகிறவன் அல்ல. அதனால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மருமகன்தான் அதிகம் ஆச்சரியப்பட்டான்.

"மாமா சொல்றது கரெக்ட். வால் கனமாச்சுன்னா பேலன்ஸ் போயிரும். உங்களுக்கு எப்படித் தெரியும் மாமா?"

ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்கவில்லை. நல்ல பையன். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். மூலையில் பொரியில் கடலை கலந்துகொண்டிருந்த அம்மா மட்டும் தலையை நிமிர்த்தவே இல்லை.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது தசரா ஊர்வலம் நடக்கும் அரண்மனை ஊரில், மண்டி மொஹல்லா என்கிற பகுதியில் ஒரு சந்துக்குள் குடியிருந்தோம். சொந்த ஊர் கொள்ளேகால் பக்கம். அப்பா லாரி டிரைவர். குண்டலுபேட்டையில் காய்கறி ஏற்றிக் கேரளத்துக்கு ஓட்டுவார். வீட்டுக்கு வரும்போது தூங்குவார், விழித்தால் கிளம்புவார். அதனால் எங்கள் வீட்டு ஆம்பிளை என்றால் அது அம்மாவின் தம்பிதான். ரேஷன், தண்ணீர், என் பள்ளிக்கூடம் எல்லாம் மாமாவின் பொறுப்பு. அந்த வருஷம் அம்மா வேறு பிள்ளையுண்டாகி இருந்தாள். என்னைப் பெற்றபோது பட்ட பாட்டைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் அவள் அடிக்கடி சொல்வது காதில் விழும். அது என்னைப் பாராட்டிச் சொல்வது என்று நினைத்துக்கொள்வேன்.

மாமா ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை செய்தார். ஒருநாள் ஒரு பல் டாக்டர் பழுதான ரிமோட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். மாமா அதைச் சரிசெய்ததும், டாக்டர் பின்னாலேயே சாக்குப்பையில் ஒரு விமானத்தையும் கொண்டுவந்தார். வானத்தில் குட்டிக்கரணம் போடுகிற வகை. ஓட்டத் தெரியாமல் தரையில் மோதி உடைத்திருந்தார். டாக்டருக்குப் பல் பிடுங்குவதில் இருந்த தைரியம் விமானம் ஓட்டுவதில் இல்லை. மாமா அதை வீட்டுக்கு எடுத்துவந்து, தக்கை மாதிரி லேசான மரத்தைச் சீவி ஒட்டி, ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து எழுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டரோடு மைதானத்துக்குப் போய் ஓட்டவும் கற்றுக்கொண்டார். கொஞ்ச நாளில் டாக்டர் எரிபொருள் செலவைக் கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டார். ரிமோட் மாமாவின் கைக்கு வந்தது.

தசராவுக்குப் பெங்களூரிலிருந்து டாக்டரின் சிநேகிதர் ஒருவர் வருவதாக இருந்தது. இப்படி விமானங்கள் செய்கிற பட்டறை வைத்திருப்பவர். விமானம் தலைகீழாகப் புரண்ட பிறகும் இறங்காமல் நேராகப் பறந்து காட்டினால் மாமாவைக் கையோடு அழைத்துப்போய் வேலை கொடுப்பார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெங்களூர் போனதும் நிஜ விமானத்தைக் கிட்டத்தில் காட்டுவதாக மாமா எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

மாமா இதைச் சொன்னதும் அம்மா, "நல்லதுதானே" என்றாள்.

"நீ போவேண்டாம்னா போவல அக்கா."

"நான் எதுக்குடா போவேண்டாங்கறேன்? கை காலு இருக்கறவன் போய்த்தான் ஆவணும். சாப்பிட வா."

அதற்கப்புறம் இருவரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்கவில்லை.

தலைகீழாகப் பறக்க வேண்டுமென்றால் எல்லாம் கனத்தில் இருக்கிறது என்பார் மாமா. இறக்கையின் அடியில், உடம்புக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாகப் பென்சிலில் இரண்டு புள்ளி வைத்திருந்தார். அந்தப் புள்ளிகளில் ஆள்காட்டி விரல்களைக் கொடுத்துத் தூக்கினால் விமானம் முன்னும் சாயாமல் பின்னும் சாயாமல் நிற்க வேண்டும். மூக்கு கனத்தால் சமர்த்தாகப் பறக்கும், ஆனால் தலைகீழாகப் புரட்டியதும் தரையைப் பார்த்து இறங்கும். வால் கனத்தால் பேச்சே கேட்காது, கிளம்பியதுமே விழும். "மூக்கு கனத்தா சோம்பேறி, வால் கனத்தா பைத்தியம், மாப்பிள்ளை" என்று எனக்குப் பாடம் நடத்துவார். மூக்கில் ஒட்டியிருந்த ஈயத்துண்டுகளை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தார். பேட்டரியை நெல்மணி அளவு பின்னால் தள்ளினார்.

இதற்கெல்லாம் அவருக்கு இரண்டு கையும் வேண்டும். பிடிக்க ஆள் வேண்டும். நான் பிடித்தால் சிரிப்பு வந்து ஆட்டிவிடுவேன். அதனால் அம்மாதான் பிடிப்பாள். சோறு கொதிக்கும் நேரத்தில் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, வயிற்றுக்கு மேலே இரண்டு விரலை நீட்டி நிற்பாள். முதலில் சலித்துக்கொண்டவள், போகப் போக மாமாவுக்கு முன்னால் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தாள்.

"இன்னும் மூக்கு இழுக்குதுடா."

"நேராத்தானே அக்கா இருக்குது?"

"உனக்குக் கண்ணுக்கு நேரு. எனக்கு வெரல்ல தெரியுது."

மாமா மறுபடி ஒரு துண்டைச் சுரண்டுவார். கடைசியில் ஒருநாள், "ம், இப்ப பூ மாதிரி நிக்குது" என்றாள் அம்மா. மாமா அதற்குமேல் அதைத் தொடவில்லை.

ஆயுத பூஜை வந்தது. மாமாவின் சால்டரிங் கருவி, திருப்புளி, வீட்டு அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் நடுவில் விமானத்தை வைத்தோம். அம்மா சந்தனம் வைத்தாள். பிறகு நல்ல பருமனான எலுமிச்சம்பழம் ஒன்றை மஞ்சள் நூலில் கோத்து விமானத்தில் கட்டினாள். எங்கள் சந்தில் அன்று ஆட்டோ, லாரி, சைக்கிள் எல்லாவற்றிலும் பழம் முன்னால்தான் தொங்கியது. அம்மா வாலில் கட்டினாள். மாமா சூடத் தட்டைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பூஜையில் கட்டிய பழத்தை நாமாக அவிழ்க்கக் கூடாது, அதுவாகத்தான் விழ வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

மறுநாள் விஜயதசமி. ஊரே அரண்மனைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நானும் மாமாவும் டாக்டரும் ஊருக்கு வெளியே மைதானத்துக்குப் போனோம். பெங்களூர்க்காரர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றார். எலுமிச்சம்பழத்தைப் பார்த்ததும் சிரித்தார். அதை எடுத்து எறியும்படி டாக்டர் மாமாவிடம் கன்னடத்தில் கெஞ்சினார்.

"அக்கா கட்டினது சார். தானா விழணும்" என்றார் மாமா.

பிறகு என்னைக் கூப்பிட்டார். "மாப்பிள்ளை, நீ புடி. அம்மா மாதிரி புடி. சிரிக்கக் கூடாது."

எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டு விரலில் தூக்கினேன். வால் தொப்பென்று இறங்கியது. மாமா டாக்டரின் ஸ்கூட்டர் டூல்ஸ் பையைக் கவிழ்த்து, நட்டுகளைப் பொறுக்கி மூக்கடியில் டேப் போட்டு ஒட்டினார். ஒன்று, இன்னொன்று. வால் மெல்ல எழுந்தது. விமானம் நேராக நின்றது. அம்மா சொன்ன பூ மாதிரி என்பது என்னவென்று அப்போது என் விரலுக்குத் தெரிந்தது.

மாமா எழுந்திருக்கவில்லை. வாலில் தொங்கிய பழத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையில் கையை விட்டுத் தடியான போல்ட் ஒன்றை எடுத்து, அதையும் மூக்கில் வைத்து டேப்பை இறுக்கிச் சுற்றினார்.

"மாமா, மூக்கு எறங்குது."

"எறங்கட்டும் மாப்பிள்ளை."

விமானம் எரிபொருளில் கலந்த ஆமணக்கெண்ணெயின் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. நேராகப் போனது. பெரிதாக ஒரு வட்டம் அடித்தது. மாமா அதைத் தலைகீழாகப் புரட்டியதும் மூக்கு தரையைப் பார்த்து இறங்கத் தொடங்கியது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். மாமா நிதானமாக நிமிர்த்தி, இன்னொரு முறை புரட்டி, மறுபடி அது இறங்க, அதோடு போதும் என்று பூப்போல இறக்கிவிட்டார். எலுமிச்சம்பழம் விழாமல் அப்படியே இருந்தது.

"நல்லா போகுது. பால் வண்டி மாதிரி" என்று சொல்லிவிட்டுப் பெங்களூர்க்காரர் கையைக் கொடுத்தார். ஊர்வலத்தில் யானையைப் பார்க்க நேரமாகிவிட்டது அவருக்கு.

மாமா பெங்களூர் போகவில்லை. மார்கழியில் தங்கை பிறந்தாள். வலி கண்ட அன்று அப்பாவின் லாரி கேரளத்தில் எங்கோ நின்றது. மாமாதான் அம்மாவைக் கைத்தாங்கலாகச் சந்துமுனை வரை நடத்திப் போய் ஆட்டோவில் ஏற்றினார். ஆஸ்பத்திரியில் ரத்தம் வேண்டும் என்றபோது சட்டைக்கையை மடித்துவிட்டதும் அவர்தான். இதெல்லாம் பின்னால் நடந்தது.

அந்த விஜயதசமி மத்தியானம் எனக்கு மாமாவின் மேல் கோபமும் பரிதாபமுமாக இருந்தது. அவர் கைகால் கழுவப் போன நேரம் பார்த்து அடுப்படிக்கு ஓடினேன். "அம்மா, மாமா கணக்குத் தப்பிட்டாரும்மா. நேரா நின்னுச்சு, நான்தான் புடிச்சேன். அப்புறமும் மூக்குல ஒரு போல்ட்ட வெச்சு ஒட்டிட்டாரு. நான் சொல்லச் சொல்லக் கேக்கல."

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். "நேரா நின்னதுக்கு அப்புறமா?" என்று கேட்டாள்.

"ஆமா. பூ மாதிரி நின்னுச்சு."

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. மாமா தோற்றுவிட்டாரே என்று அழுகிறாள் என்று நினைத்தேன். கிட்டப் போய் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அழாதேம்மா, அடுத்த தசராவுக்குக் கட்டாயம் மாமாவக் கூட்டிட்டுப் போயிருவாங்க" என்று தேறுதல் சொன்னேன்.