கூண்டு ஏறினால் கூப்பிடு

"ஏளா, ஜெபமணி அக்கா போயிட்டாவ. தூக்கத்திலேயே போயிட்டாவளாம்" என்று அண்ணன் படகுத்துறையிலிருந்து ஃபோனில் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். காத்திருப்பதும் காக்கவைப்பதும் அக்காவுக்கு ஆகவே ஆகாது. கடைசியிலும் அந்தப் பிடிவாதத்தை விடவில்லை, மகராசி. அழுகை பிறகுதான் வந்தது.

எங்கள் மருத்துவமனையின் முன்பதிவு மேசையில் அவரும் நானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இதய நிபுணர் திருநெல்வேலியிலிருந்து வியாழன்தோறும் வருவார். அவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இரண்டு முறை வராதவர் பெயர் பட்டியலின் வாலுக்குப் போய்விடும். அப்படிப் போனவர்களில் என் அண்ணனும் ஒருவன். விசைப்படகு டிரைவர், அவன் போகாவிட்டால் படகே போகாது. மூச்சிரைக்க மூச்சிரைக்கக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தான். ஆனாலும் அந்த மேசையில் உட்கார்ந்துகொண்டு சொந்த அண்ணனுக்குச் சலுகை கேட்க வாய் வரவில்லை.

அக்காவாகவே ஒருநாள் சொன்னார்: "வரலன்னு எழுதுதோம். ஏன் வரலன்னு என்னைக்காவது கேட்டோமா?" கேட்டோம். கடலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "வியாழக்கிழம நாங்க கடல்லலா கெடப்போம். கூண்டு ஏறுனாத்தான் கரையில நிப்போம்."

அடுத்த முறை துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியது. படகுகள் கரையில் நின்றன. மழையில் பஸ் ஏறத் தயங்கிய ஸ்ரீவைகுண்டத்துக்காரர்களிடம் கேட்டு, அவர்களுக்கு வேறு தேதி கொடுத்து, அந்த இடங்களுக்குப் படகுக்காரர்களை அக்கா வரவழைத்தார். பெஞ்சு நிறைந்துவிட்டது. டாக்டரைத்தான் காணோம்! ஊரையே கேட்ட அக்கா, அவரை மட்டும் கேட்க மறந்திருந்தார். புயலென்று அவர் வீட்டிலேயே இருந்துவிட்டாராம். அக்கா ஃபோனை எடுத்தார்.

"டாக்டர், புயல் கடலுக்குத்தான், திருநெல்வேலி ரோட்டுக்கு இல்ல. போன வாரமும் நீங்க வரல. ரெண்டு தடவ வராதவங்க பேரு வாலுக்குப் போயிரும், தெரியும்லா?"

டாக்டர் சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தார். அண்ணனின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வாரமே வால்வு ஆபரேஷன். "இன்னும் தள்ளிப் போட்டிருந்தா..." என்றார் டாக்டர்.

புதன்கிழமை அக்காவை அடக்கம் செய்தோம். பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் அண்ணனும் ஒருவன். மண் போட்டு முடிந்தும் நான் நகரவில்லை. அவன் பக்கத்தில் வந்து அதட்டினான்: "கூண்டு ஏறியிருக்கு. நீ இங்கன நின்னு அழுதுட்டிருக்கே. நாளைக்கு ஆள்களக் கூப்பிட்டாச்சா?"

அக்காவை அறிந்தவர்களே, அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வேலைதான். கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தேன். முதலில் டாக்டரைக் கூப்பிட்டேன்.